நான்கு நாளில் மறைந்த வெள்ளைப் புள்ளிகள்

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடையது 300 லிட்டர் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் தொட்டி. பதினான்கு மாதமாக ஓடுகிறது. பவளங்கள், பாறையில் படர்ந்த சோவாந்தஸ் என்ற பவள வகை, இரண்டு கிளீனர் இறால், சில நத்தைகள். மீன்களில் ஒரு ப்ளூ டேங், ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு ராயல் கிராமா, ஒரு சிக்ஸ்லைன் ராஸ். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மஞ்சள் டேங் வாங்கி, பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு நேராகத் தொட்டியில் விட்டிருக்கிறார். ஆறாம் நாள் அதன் துடுப்பில் உப்பைத் தூவியதுபோல் புள்ளிகள். தீனியைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்துக் கொடுத்திருக்கிறார். பத்தாம் நாள் புள்ளிகள் காணோம். பதினெட்டாம் நாள் இரண்டு டேங்குகளுக்கும் உடம்பெல்லாம் புள்ளி. இருபதாம் நாள் பெரிய கோமாளி மீன் பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் சிறு பம்ப்) முன்னால் போய் நின்றுகொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கியிருக்கிறது. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. மறுநாள் காலை இறந்து கிடந்தது.

தண்ணீர் சோதனையில் குறை எதுவும் இல்லை என்கிறார்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, பி.எச். 8.1, உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. இது என்ன நோய், பவளத்துக்குக் கெடுதல் இல்லாமல் தொட்டியிலேயே பாதி டோஸ் காப்பர் (செம்பு மருந்து) விடலாமா, பாறைகளை எடுத்துக் கொதிக்கவைத்துப் போட்டால் கிருமி போய்விடுமா, இந்த நோய் எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பதுதான் என்கிறார்களே அது உண்மையா என்று கேட்கிறார். தொட்டியையே எடுத்துவிடலாம் என்று மனைவி சொல்கிறாராம். 'நானே கொண்டுவந்து கொன்றுவிட்டேனா' என்றும் ஒரு வரி இருக்கிறது.

அன்புள்ள வாசகருக்கு,

மூன்று படம் அனுப்பியிருக்கிறீர்கள். கூடவே எந்த நாளில் என்ன நடந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உபயோகப்பட்டது அந்தத் தேதிக் குறிப்புதான். நீல விளக்கில் எடுத்த படத்தில் எந்த மீனைப் பார்த்தாலும் பொடி தூவியதுபோல்தான் தெரியும். அடுத்த முறை நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கை மட்டும் போட்டு எடுங்கள். பக்கவாட்டில் ஒரு டார்ச் பிடித்தால் இன்னும் நல்லது. சரி, இப்போது உங்கள் தேதிகளுக்கு வருகிறேன்.

ஆறாம் நாளும் பத்தாம் நாளும் பதினெட்டாம் நாளும்

கடல்நீர் வெள்ளைப் புள்ளி நோயை உண்டாக்குவது கிரிப்டோகாரியன் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. நன்னீர்த் தொட்டிகளில் வரும் வெள்ளைப் புள்ளி நோயோடு இதற்குப் பெயர்ப் பொருத்தம் மட்டுமே உண்டு, உயிரி வேறு. மீனின் மேல்தோலுக்கு அடியில் நுழைந்து 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கும். நீங்கள் பார்த்த புள்ளி என்பது அப்படிக் கொழுத்துக்கொண்டிருக்கும் ஒட்டுண்ணி. வயிறு நிறைந்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ நத்தை ஓட்டிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூட்டுக்குள் ஒன்று நூற்றுக்கும் மேலாகப் பிரியும். கூடு வெடித்துக் குஞ்சுகள் வெளியேற பொதுவாக 3 முதல் 28 நாள் ஆகும். ஆய்வகத்தில் 72 நாள் வரை தாமதமாக வெளிவந்ததும் உண்டு. வெளிவந்தவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும்.

இப்போது உங்கள் நாட்குறிப்பைப் பாருங்கள். ஆறாம் நாள் தெரிந்தது, பத்தாம் நாள் மறைந்தது. பூண்டு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தப் புள்ளிகள் அன்றைக்கு இறங்கித்தான் இருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இறங்கியவை மணலில் பெருகி, பதினெட்டாம் நாள் பத்து மடங்காகத் திரும்பி வந்திருக்கின்றன. பூண்டு வாசனைக்குச் சில மீன்கள் ஆர்வமாகத் தின்னும், அதோடு சரி. கிளீனர் இறாலும் மேலே ஒட்டியிருப்பதைக் கொறிக்குமே தவிர, தோலுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதைத் தோண்டி எடுக்காது.

இன்னொன்று. ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் இருட்டில்தான் மீனை விட்டு இறங்குகின்றன, குஞ்சுகள் வெளிவருவதும் விடியலை ஒட்டிய நேரத்தில். உங்கள் ப்ளூ டேங் இரவில் எங்கே தூங்குகிறது என்று கவனித்திருப்பீர்கள். ஒரே பாறை இடுக்கில், உடம்பைச் செருகிக்கொண்டு, தினமும் அதே இடத்தில். முதல் நாள் இரவு இறங்கியவை அந்த இடுக்கிலேயே கூடு கட்ட, வெளிவரும் குஞ்சுகளுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறது மீன். ப்ளூ டேங்குக்கு இந்த நோய் அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆக, டேங்குகளுக்கு வந்தது வெள்ளைப் புள்ளி நோய் என்பதில் எனக்கு அதிகச் சந்தேகம் இல்லை. புள்ளி இடம் மாறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் அசையாமல் இருக்கும் வெண்மையான முடிச்சு இந்த நோய் அல்ல. அது பெரும்பாலும் லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் முடிச்சாக இருக்கும். பார்க்கக் காலிஃபிளவர்போல் அசிங்கமாக இருந்தாலும் மீன் தெம்பாக இருந்தால் பல நேரம் தானே போய்விடும்.

கோமாளி மீன் எதனால் செத்தது?

என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான். கடிதத்தில் 'புள்ளியே இல்லை, அதனால் இது வேறு காரணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவுக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம். மீன் பவர்ஹெட் முன்னால் போய் நிற்பது விளையாட்டுக்கு அல்ல. வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் தண்ணீர் தானாகச் செவுளுக்குள் போகும், மூச்சு இழுக்கும் உழைப்பு மிச்சம். அப்படி நின்றால் செவுளில் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். செவுளில் மட்டும் ஒட்டுண்ணி ஏறி, உடம்பு சுத்தமாகத் தெரிவது கோமாளி மீன்களில் அபூர்வம் இல்லை.

செவுளைத் தாக்கக்கூடியவை மூன்றை நான் யோசிக்கிறேன். ஒன்று, இதே கிரிப்டோகாரியன். இரண்டாவது வெல்வெட் என்று சொல்லப்படும் அமிலோடினியம். அது முதலில் செவுளில்தான் ஏறும். உடம்பில் பொன் தூசு படிந்ததுபோல் தெரிய ஆரம்பிக்கும்போது பல சமயம் காலம் கடந்திருக்கும். மீன் வெளிச்சத்துக்குக் கூசி ஒதுங்கும், தீனியைத் தொடாது, இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடும். மூன்றாவது புரூக்லினெல்லா. கோமாளி மீனின் தனி எதிரி என்றே சொல்லலாம். உடம்பிலிருந்து சளி கெட்டியாக, படலம் படலமாக உரியும்.

உங்கள் மூன்றாவது படத்தில் மீனின் பக்கவாட்டில் ஒரு வெண்படலம் தெரிகிறது. அது சளியா, கண்ணாடியில் பட்ட வெளிச்சமா என்று என்னால் சொல்ல முடியாது. புரூக்லினெல்லா பெரும்பாலும் புதிதாகக் கடலிலிருந்து பிடித்து வந்த கோமாளி மீன்களில் வெடிப்பது. உங்களுடையது பதினான்கு மாதம் வீட்டில் இருந்தது. வெல்வெட்டாக இருந்தால் உங்களுக்கு இரண்டு வாரம் அவகாசம் தந்திருக்காது, மஞ்சள் டேங் நடுவில் தேறியும் இருக்காது. அதனால் செவுளில் ஏறிய கிரிப்டோகாரியன் என்பதே என் முதல் ஊகம். ஆனால் ஒரே மீனோடு இரண்டு ஒட்டுண்ணி சேர்ந்து வருவது உண்டு. வெல்வெட்டை நான் இன்னும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. கீழே சொல்லப்போகும் சிகிச்சையை அதை மனதில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

தண்ணீர் சரியாக இருப்பதால் நோய் இருக்காது என்பது ஒரு தப்பான நம்பிக்கை. ஆனாலும் தண்ணீரை முதலில் சோதித்தது சரியான பழக்கம். எல்லா மீனும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக என்றால் நோயை. நீங்கள் அளக்காத ஒன்று பிராணவாயு. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிடித்துக்கொள்ளும், கடல்நீரில் அது 7-க்கும் கீழே. இரவில் பவளமும் பாசியும் கூட அதையே பங்குபோடும். செவுள் புண்ணான மீன் விடியற்காலையில் சாவதற்கு இது போதும். உங்கள் மீன் செத்ததும் அந்த நேரத்தில்தான். இன்றே பவர்ஹெட் ஒன்றை மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வையுங்கள்.

அப்புறம், மூச்சை எண்ணுங்கள். மீன் அமைதியாக நிற்கும்போது செவுள்மூடி 15 விநாடியில் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு. மீனுக்கு மீன் இது மாறும், அதனால் பொதுவான ஓர் எண்ணைத் தேடாதீர்கள். அதே மீனின் நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கத்தை மட்டும் அசைத்தால் அதையும் எழுதி வையுங்கள், செவுளில் தட்டைப்புழு இருந்தாலும் அப்படித் தெரியும். புள்ளியை எண்ணுவதைவிட இது எனக்கு அதிகம் சொல்லும்.

ஃப்ரீசரில் இருக்கும் மீன்

இறந்த மீனைப் பரிசோதனைக்காக ஃப்ரீசரில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் உறையும்போது திசுக்களும் ஒட்டுண்ணிகளும் உடைந்துவிடும். தவிர, மீன் செத்ததும் ஒட்டுண்ணிகள் அதை விட்டுக் கிளம்பிவிடும். மணிக்கணக்கில் கிடந்த மீனில் நாம் தேடுவது இருக்காது. இன்னொரு மீன் இறந்தால், செத்து ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஈரமான பையில் போட்டுச் சாதாரண குளிர்ப்பெட்டித் தட்டில் வையுங்கள், உறையவிடாதீர்கள்.

உயிரோடு இருக்கும் மீனிலேயே சளி எடுத்துப் பார்ப்பது இதையெல்லாம்விட மேல். மீனை ஈரக்கையுறையில் பிடித்து, மைக்ரோஸ்கோப் மூடுகண்ணாடியின் விளிம்பால் தலையிலிருந்து வால் பக்கமாக மெல்ல ஒரு முறை வழித்தால் போதும். சளியின்மேல் தொட்டித் தண்ணீரே ஒரு சொட்டு விடுங்கள். குழாய்த் தண்ணீர் விட்டால் ஒட்டுண்ணி வெடித்துவிடும். 40 முதல் 100 மடங்கு பெரிதாக்கினாலே தெரியும். கிரிப்டோகாரியன் கருத்த உருண்டையாக, சோம்பேறித்தனமாக உருண்டுகொண்டிருக்கும். அமிலோடினியம் பேரிக்காய் வடிவத்தில், பழுப்பாக, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். புரூக்லினெல்லா இவற்றைவிடச் சிறியது, அவரை விதைபோல் இருந்துகொண்டு விடாமல் ஊர்ந்து திரியும். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருந்தால் அவரிடம் கொண்டுபோங்கள். இல்லையென்றால் பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பும் கைபேசிக் கேமராவும் போதும், கண்வில்லைமேல் கேமராவை வைத்து வீடியோ எடுத்து அனுப்புங்கள். அசைவு தெரிய வேண்டும் என்பதால்தான் வீடியோ.

பாதி டோஸ் காப்பர்

வேண்டாம். முழு டோஸும் வேண்டாம், உங்கள் ரீஃப் தொட்டிக்குள் காப்பரே வேண்டாம். இறாலும் நத்தையும் பவளமும் காப்பரைத் தாங்காது. பாறையும் மணலும் சுண்ணாம்பு என்பதால் ஊற்ற ஊற்ற உறிஞ்சிக்கொள்ளும், அளவை நிலையாகப் பிடிக்கவே முடியாது. பாதி டோஸில் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும், இறால் மட்டும் சாகும். பவளத்துக்குப் பாதுகாப்பானது என்ற லேபிளோடு வரும் மருந்துகளையும் இந்த நோய்க்கு நான் நம்புவதில்லை. தோலுக்கடியிலும் கூட்டுக்குள்ளும் இருப்பதைக் கொல்லும் மருந்து இறாலை மட்டும் விட்டுவைக்கும் என்பது எனக்குப் புரியாத கணக்கு.

இனி உங்களுக்கு இருக்கும் வழிகளைப் பார்ப்போம். எதுவும் செய்யாமல் நல்ல தீனி, யூ.வி. விளக்கு, சுத்தமான தண்ணீர் என்று சமாளிக்கிறவர்கள் உண்டு. பிழைத்த மீனுக்குச் சில மாதங்கள் ஓரளவு எதிர்ப்புச் சக்தி வருவது உண்மை. ஆனால் உங்கள் தொட்டியில் ஒரு மீன் போய்விட்டது, இரண்டு மீன் மோசமாக இருக்கிறது. இந்தக் கட்டத்தில் அது சூதாட்டம். மூன்று நாளுக்கு ஒரு முறை புதுத் தொட்டிக்கு மாற்றி, பன்னிரண்டு நாளில் நான்கு மாற்றத்தில் முடிக்கும் முறை ஒன்று இருக்கிறது. மருந்தே தேவையில்லை, அழகான முறை. உப்படர்த்தியை 1.009-க்குக் குறைத்து நான்கு வாரம் வைத்திருப்பதும் வேலை செய்யும். ஆனால் இந்த இரண்டும் வெள்ளைப் புள்ளிக்கானவை. வெல்வெட்டாக இருந்தால் கைவிட்டுவிடும். தனித் தொட்டியில் கொடுக்கும் காப்பர் இந்த இரண்டு நோயையும் பிடிக்கும். நோய் எது என்று நூறு சதவீதம் தெரியாதபோது, ஊகம் தப்பினாலும் காப்பாற்றும் சிகிச்சையைத்தான் எடுப்பேன்.

தனித் தொட்டியில் முப்பது நாள்

அழகாக இருக்க வேண்டியதில்லை. 150 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி போதும். ஹீட்டர், ஏர் ஸ்டோன், ஸ்பாஞ்ச் ஃபில்டர், மூடி, ஒளிந்துகொள்ள சில பி.வி.சி. குழாய்த் துண்டுகள். மணலும் பாறையும் கூடாது, கார்பனும் கூடாது, அவை மருந்தை இழுத்துவிடும். ரீஃப் தொட்டியிலிருந்து தள்ளி, முடிந்தால் வேறு அறையில் வையுங்கள். காற்றில் தெறிக்கும் நுண்துளிகளோடு வெல்வெட் பரவும்.

மீனைப் பிடிப்பதுதான் பெரிய பாடு. பகலில் துரத்தினால் பவளம்தான் உடையும். விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, மங்கலான சிவப்பு டார்ச்சோடு போங்கள். ப்ளூ டேங் தன் இடுக்கில்தான் இருக்கும், அந்தப் பாறையோடு சேர்த்து மெல்லத் தூக்கினாலே பாதி வேலை முடிந்தது. வலையைவிடப் பிளாஸ்டிக் டப்பா நல்லது. டேங்கின் வாலடியில் இருக்கும் முள் வலையில் மாட்டிக்கொள்ளும், உங்கள் கையையும் கிழிக்கும். ஐந்து மீனும் வெளியே வர வேண்டும். ராஸ் நன்றாகத்தான் இருக்கிறதே என்று அதை மட்டும் விட்டுவைத்தால் நோய்க்குச் சோறு போட்டு வளர்ப்பதுபோல் ஆகிவிடும்.

காப்பரில் இரண்டு வகை உண்டு, அதைக் குழப்பித்தான் பலர் மீனைக் கொல்கிறார்கள். அயனி காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.25 மில்லிகிராம். கீலேட் செய்யப்பட்ட (வேறொரு மூலக்கூறோடு பிணைத்த) காப்பர் என்றால் பொதுவாக 2 முதல் 2.5 மில்லிகிராம். பத்து மடங்கு வித்தியாசம். வாங்கிய பாட்டிலின் லேபிளில் உள்ள அளவே இறுதி, சோதனைக் கிட்டும் அந்த வகைக் காப்பரை அளக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றுங்கள், ராஸ் சற்று மென்மையான மீன். ஆனால் யாராவது பொன் தூசோடு தெரிந்தால் காத்திருக்க நேரமில்லை, அன்றே முழு அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். முழு அளவை எட்டிய நாளிலிருந்து முப்பது நாள். நடுவில் ஒரு நாள் அளவு கீழே போனால் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

காப்பரைவிட அம்மோனியாதான் இங்கே அதிக மீன்களைக் கொல்கிறது. புதுத் தொட்டியில் அதைச் சாப்பிடும் பாக்டீரியா இன்னும் வளர்ந்திருக்காது. தினமும் சோதித்து, ஏறினால் தண்ணீர் மாற்றுங்கள், மாற்றும் தண்ணீரில் அதே அளவு காப்பரை முன்கூட்டியே கலந்து வையுங்கள். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் ரசாயனத் திரவங்களைக் காப்பரோடு சேர்க்கவே கூடாது, காப்பர் இன்னும் நச்சாக மாறிவிடும். இரண்டு டேங்குகளும் சண்டை போட்டால் துளையிட்ட தடுப்பு ஒன்று வையுங்கள்.

மிஞ்சியிருக்கும் கோமாளி மீனை மட்டும் தனியாகக் கவனியுங்கள். சளி உரிய ஆரம்பித்தால் அது புரூக்லினெல்லா, காப்பருக்கு மசியாது. அதற்கு ஃபார்மலின் குளியல் வேண்டும். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள், தண்ணீரில் பிராணவாயுவையும் குறைக்கும். அளவு தெரியாமல் நீங்களாக இறங்காதீர்கள், மருத்துவரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

காலித் தொட்டியில் 76 நாள்

'எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பதுதான்' என்பது பலரும் சொல்லிச் சொல்லி உண்மைபோல் ஆகிவிட்ட பேச்சு. இந்த ஒட்டுண்ணிக்கு மீன் இல்லாமல் வாழ்க்கை இல்லை. ரீஃப் தொட்டியில் மீனே இல்லாமல் 76 நாள் விட்டால் கடைசிக் கூடும் வெடித்து, வந்த குஞ்சுக்கு மீன் கிடைக்காமல் முடிந்துவிடும். வெல்வெட் இருந்தாலும் அதற்குள் அதன் கதையும் முடியும். இறால், நத்தை, பவளம் எல்லாம் அப்படியே இருக்கலாம், அவற்றை இது தாக்காது. வெப்பத்தைக் குறைக்காதீர்கள், 26, 27 டிகிரியில் அதன் சுழற்சி சீக்கிரம் ஓடும். பாக்டீரியாவும் இறாலும் பட்டினி கிடக்காமல் இரண்டு நாளுக்கு ஒரு சிட்டிகை தீனி போடுங்கள்.

இந்த நாட்களில் புதுப் பவளமோ நத்தையோ வாங்கிப் போட்டால், அதன் அடியில் ஒட்டி ஒரு கூடு வரலாம். அன்றிலிருந்து மறுபடி 76. ஒரே வலையை, ஒரே வாளியை, ஈரக் கையை இரண்டு தொட்டிக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும் அப்படித்தான்.

பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள்

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் ஆபத்து மீனுக்கு அல்ல, உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு. உங்கள் பாறையில் சோவாந்தஸ் இருக்கிறது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சில பவளங்களில் பேலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு, கொதிக்கவைத்தாலும் அது அழியாது. ஆவியோடு கலந்து வீட்டுக்குள் பரவி, பக்கத்து அறையில் இருந்தவர்கள்கூட மூச்சுத் திணறலோடும் காய்ச்சலோடும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வெந்நீர் ஊற்றிக் கழுவுவது, உலரவிட்டுத் தேய்ப்பது, வெட்டும்போது கண்ணாடி போடாமல் இருப்பது எல்லாமே இதில் சேரும். தவிர, அதற்குத் தேவையும் இல்லை. மீனை எடுத்துவிட்டால் பாறை தானாகச் சுத்தமாகிவிடும்.

நீங்கள் கேட்ட மற்றவை

நீங்களா கொன்றீர்கள்? நோய் மஞ்சள் டேங்கோடு வந்தது, தனிமைப்படுத்தாமல் விட்டது நீங்கள். அதை இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் 'கடையில் ஒரு மாதமாக நன்றாகத்தானே இருந்தது' என்று நீங்கள் நம்பியதில் தப்பும் சொல்ல முடியாது. பல இடங்களில் விற்பனைத் தொட்டிகளில் குறைந்த அளவு காப்பர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நோய் அடங்கிக் கிடக்கும், ஆனால் சாகாது. வீட்டுக்கு வந்து காப்பர் இல்லாத தண்ணீரில் இறங்கியதும் தலைதூக்கும். இனி எந்த மீன் வந்தாலும் அந்தப் பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு மாதம்.

தொட்டியையே எடுத்துவிடுவதற்கு இந்த நோய் ஒரு காரணம் ஆகாது. மூன்று மாத வேலைக்கு வீட்டில் இடமும் நேரமும் இருக்கிறதா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள். இல்லையென்றால் மீனை மட்டும் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பவளத் தொட்டியாக வைத்துக்கொள்வதும் ஒரு வழி. கொடுக்கும்போது நோயைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக, உங்கள் விரல். 'பாறை கிழித்த இடம் இரண்டு மாதமாக ஆறாமல் தடித்துப்போய் இருக்கிறது, அது கிடக்கட்டும்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது கிடக்கக் கூடாது. மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி மீன் தொட்டிகளில் இருக்கும், கீறல் வழியாகக் கையில் ஏறி இப்படித்தான் மெதுவாகத் தடிக்கும், சில சமயம் கையோடு மேலே மேலே முடிச்சு விடும். சாதாரணப் புண்ணுக்குத் தரும் மாத்திரைகள் பெரும்பாலும் இதற்குப் போதாது, மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டிவரும். நான் மீன் பார்க்கிறவன், இதற்கு மருந்து சொல்ல மாட்டேன். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இந்தக் கிருமி நம் உடல் வெப்பத்தைவிடக் குறைவாக, 30 டிகிரியை ஒட்டி வைத்தால்தான் ஆய்வகத்தில் நன்றாக வளரும், சொல்லாவிட்டால் பரிசோதனையில் அகப்படாமலே போகலாம். அதுவரை அந்தக் கையைத் தொட்டிக்குள் விட வேண்டாம். இரவில் டேங்கைப் பிடிக்கும் வேலையை, நீளக் கையுறையோடு, கையில் கீறல் இல்லாத வேறொருவர் செய்யட்டும்.